ரீகாம்பினன்ட் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2: உடலில் அதற்கு என்ன வேலை, உங்கள் குப்பியில் மட்டும் ஏன் சோம்பல்?

கேள்வி நீளமாக இருந்தது, சுருக்கிவிடுகிறேன். முதுகலைத் திட்டப்பணிக்காக ஒருவர் மனித கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 நொதியை வாங்கியிருக்கிறார். மனித மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்தித் தயாரித்தது, ரீகாம்பினன்ட் என்பது அதைத்தான். பிரித்தெடுக்க வசதியாக நுனியில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறு கோர்த்த வால், அதாவது ஹிஸ்-டாக். பாரா-நைட்ரோஃபீனைல் அசிட்டேட் என்ற எஸ்டரை அது உடைக்கும் வேகத்தை அளந்தால், விற்றவர் தந்த சான்றிதழில் போட்டிருப்பதில் 40 சதவீதம்தான் வருகிறது. பாக்டீரியாவில் செய்ததால்தான் இப்படியா, மாட்டு இரத்தத்திலிருந்து எடுத்ததையே வாங்கியிருக்கலாமோ, உடம்பில் இது உண்மையில் என்னதான் செய்கிறது, ஆய்வகத்தில் இதை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று நாலு கேள்வி. பஃபர் செய்முறையையும் கொடுத்திருக்கிறார், நல்லவேளை: ட்ரிஸ் 50 மில்லிமோலார், பிஹெச் 7.5, சோடியம் குளோரைடு 100 மில்லிமோலார், சோடியம் அசைடு 0.02 சதவீதம்.

அந்தக் கடைசிப் பொருள் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஏன் என்று புரிய வேண்டுமானால் நொதியின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பார்த்தாக வேண்டும். உங்கள் நாலு கேள்வியும் அங்கேதான் போய் முடிகின்றன. முதலில் உடம்பு.

செல்கள் உணவை எரித்தபின் வெளியே தள்ள வேண்டியது கார்பன் டை ஆக்சைடு. இரத்தத்தில் அது வாயுவாகவே கரைந்து போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏறக்குறைய 70 சதவீதம் பைகார்பனேட்டாக மாறித்தான் நுரையீரலுக்குப் போகிறது. மிச்சம் பெரும்பாலும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு போகிறது. கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து பைகார்பனேட்டும் ஒரு புரோட்டானும் ஆகிற வினை யார் உதவியும் இல்லாமலேயே நடக்கும். ஆனால் சாவகாசமாக நடக்கும். உடல் வெப்பநிலையிலும் பாதி மாறுவதற்குச் சில வினாடிகள் பிடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் சிவப்பணு நுரையீரல் தந்துகியைக் கடக்கிற நேரமோ முக்கால் வினாடிதான். அதற்குள் பைகார்பனேட் திரும்ப வாயுவாகி வெளியே போயாக வேண்டும். தானாக நடக்கும் வேகத்தை நம்பியிருந்தால், சுமையை இறக்காமலேயே சிவப்பணு அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

இந்தக் கணக்கு இடிக்கிறதே என்று யோசித்ததில் கிடைத்ததுதான் இந்த நொதி. 1933-இல் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரம், ரௌட்டன் இருவரும் சிவப்பணுவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 1940-இல் கெய்லினும் மானும் இதற்குள் துத்தநாகம் இருப்பதைக் காட்டினார்கள். துத்தநாகம் ஒரு நொதியின் அங்கம் என்று முதன்முதலில் தெரியவந்தது இதில்தான். அதே ஆண்டில் அவர்களே இன்னொன்றையும் பார்த்தார்கள்: அப்போது புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த சல்ஃபனிலமைடு மருந்து இந்த நொதியை முடக்குகிறது. அந்தக் கவனிப்பிலிருந்து கிளைத்தவைதான் பின்னால் வந்த அசிட்டசோலமைடும் அதன் உறவுக்கார மருந்துகளும், சல்ஃபோனமைடுகள் என்பது அவற்றின் குடும்பப் பெயர்.

சிவப்பணுவின் கதையோடு நின்றுவிட்டால் அறிக்கை பாதிதான் ஆகும். பல மாணவர்கள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உடம்பில் எங்கெல்லாம் புரோட்டானையோ பைகார்பனேட்டையோ மொத்தமாக உற்பத்தி செய்து ஒரு பக்கமாகத் தள்ள வேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று நிற்கும். இரைப்பைச் சுவரின் அமிலச் செல்லுக்குப் புரோட்டான் வேண்டும். கணைய நாளத்துக்குப் பைகார்பனேட் வேண்டும். சிறுநீரகத்தின் அண்மைச் சுருள்குழல் வடிகட்டிப் போன பைகார்பனேட்டைத் திரும்பப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குள் நீர்மத்தைச் சுரக்கும் சிலியரித் திசுவுக்கும், மூளைத் தண்டுவட நீரைச் சுரக்கும் இடத்துக்கும் இதே தேவை. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்லுக்கு இது இல்லாமல் வேலையே ஓடாது: சிஏ-2 (இனி இப்படியே சுருக்கிக்கொள்கிறேன்) கொடுக்கும் புரோட்டானைப் பம்ப் செய்து, எலும்புக்கும் தனக்கும் நடுவே ஒரு சின்ன அமிலக் குட்டையை உண்டாக்கித்தான் அது தாதுவைக் கரைக்கிறது.

பிறவியிலேயே சிஏ-2 இல்லாதவர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1983-இல் வில்லியம் ஸ்லையும் அவருடைய குழுவினரும் இதை விளக்கினார்கள்: எலும்பு கரையாமல் அடர்ந்துகொண்டே போகிற ஆஸ்டியோபெட்ரோசிஸ், சிறுநீரகக் குழல்களால் வரும் அமிலத்தேக்கம், மூளையில் கால்சியப் படிவு, மூன்றும் ஒன்றாக வருகிற பரம்பரைக் குறைபாடு, அதற்குக் காரணம் 8-ஆம் குரோமோசோமில் உள்ள சிஏ-2 மரபணு. அடர்த்தி கூடிய எலும்பு உறுதியாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது தலைகீழ், பழையதைக் கரைத்துப் புதுப்பிக்க ஆள் இல்லாததால் அது எளிதில் முறிகிறது. இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது வேறொன்று. இவர்களுக்கு மூச்சில் சிக்கல் இல்லை! சிவப்பணுவில்தான் இந்த நொதியைக் கண்டுபிடித்தார்கள், அங்கே இல்லாவிட்டால் முதலில் அதுதானே தடுமாற வேண்டும்? தடுமாறுவதில்லை. சிவப்பணுவில் சிஏ-1 என்ற அண்ணனும் இருக்கிறான். வேகம் குறைந்தவன், ஆனால் எண்ணிக்கையில் பல மடங்கு, அவனே சமாளித்துவிடுகிறான். எலும்பிலும் சிறுநீரகத்திலும் அப்படிக் கைகொடுக்க ஆள் இல்லாததால்தான் நோய் அங்கே வெளிப்படுகிறது. மனிதனிடம் இந்தக் குடும்பத்தில் 15 பேர் இருக்கிறார்கள். 12 பேர்தான் வினையாற்றுவார்கள். 8, 10, 11 மூன்றும் துத்தநாகத்தைப் பிடிக்கும் ஹிஸ்டிடின்களை இழந்து, பெயருக்கு மட்டும் குடும்பத்தில் இருப்பவை.

இப்போது அந்தத் தண்ணீர் மூலக்கூறு.

சிஏ-2 சின்னப் புரதம். 260 அமினோ அமிலம், எடை சுமார் 29 கிலோடால்டன். நடுவில் கூம்பு மாதிரி ஒரு குழி, குழியின் அடியில் ஒரு துத்தநாக அயனி. அதை 94, 96, 119 ஆகிய இடங்களில் உள்ள மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கின்றன. (எண் பற்றி ஓர் எச்சரிக்கை: சிஏ-1-ஐ ஒட்டி எண் போட்டதால் சிஏ-2-இல் 126 என்ற எண்ணே கிடையாது. வரிசையை நேராக எண்ணிக்கொண்டு போனால் அதற்கப்புறம் எல்லாம் ஒன்று தள்ளி விழும். மரபணுவில் மாற்றம் செய்ய உதவும் பிரைமர் என்ற சிறு டிஎன்ஏ துண்டை வடிவமைக்கும்போது இதில் கைசுட்டுக்கொண்டவர்கள் நிறைய.) துத்தநாகத்தின் நான்காவது கையில் இருப்பது தண்ணீர். சாதாரணத் தண்ணீர் தன் புரோட்டானை விடவே விடாது. அதன் பிகேஏ (ஒரு பொருளில் பாதி புரோட்டானை விட்டிருக்கும் பிஹெச்) 15-க்கு மேல். துத்தநாகத்தோடு ஒட்டிக்கொண்டதும் அது ஏறக்குறைய 7-க்கு இறங்கிவிடுகிறது. அதாவது நம் உடம்பின் பிஹெச்சிலேயே அது புரோட்டானை விட்டுவிட்டு ஹைட்ராக்சைடாக நிற்கும். பக்கத்தில் நீர்வெறுக்கும் அமினோ அமிலங்கள் அமைத்த ஒரு பொந்தில் கார்பன் டை ஆக்சைடு வந்து அமரும். ஹைட்ராக்சைடு அதைத் தாக்கும், பைகார்பனேட் ஆகும், புதுத் தண்ணீர் வந்து பைகார்பனேட்டை வெளியே தள்ளும். அவ்வளவுதான் வேதியியல்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. புதிதாக வந்த தண்ணீர் மறுபடியும் ஹைட்ராக்சைடு ஆக வேண்டும், அதற்கு ஒரு புரோட்டானை வெளியே அனுப்ப வேண்டும். பிகேஏ 7 உள்ள ஒரு குழு, வெறும் தண்ணீருக்குள் புரோட்டானை விடக்கூடிய உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 10,000 முறை. இது விரவலின் எல்லை, யாராலும் மீற முடியாது. ஆனால் சிஏ-2 வினாடிக்குச் சுமார் பத்து லட்சம் முறை சுற்றுகிறது. நூறு மடங்கு இடிக்கிறது! ஒரு காலத்தில் இந்த வழிமுறையே தப்பு என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். விடை பஃபரில் இருந்தது. புரோட்டான் தண்ணீருக்குப் போவதில்லை. குழியின் வாயருகே 64-ஆம் இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின், நடுவில் உள்ள தண்ணீர்ச் சங்கிலி வழியாக அதை வாங்கி, வெளியே காத்திருக்கும் பஃபர் மூலக்கூறிடம் கைமாற்றிவிடுகிறது. கரைசலில் மில்லிமோலார் கணக்கில் பஃபர் இருந்தால் பத்து லட்சத்தை எட்டிவிடலாம். பஃபரை மிகவும் நீர்த்துப்போகச் செய்தால் நொதியின் வேகமே படுத்துவிடும். பஃபர் என்றால் பிஹெச்சைப் பிடித்துவைக்கும் பொருள் என்றுதான் படித்திருப்போம், இந்த நொதிக்கு அது வினையில் கலந்துகொள்ளும் ஓர் ஆள்.

ரீகாம்பினன்ட் முறை ஏன் வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை. 64-ஆம் ஹிஸ்டிடின்தான் கைமாற்றுகிறது என்பதை நிரூபிப்பது எப்படி? அதை எடுத்துவிட்டு அலனின் வைத்துப் பார்க்க வேண்டும். இரத்தத்திலிருந்து பிரித்த நொதியில் அதைச் செய்ய முடியாது. மரபணுவைக் கையில் வைத்துக்கொண்டு பாக்டீரியாவிடம் கொடுத்துச் செய்யச் சொன்னால் முடியும். டேவிட் சில்வர்மேன், ஸ்வென் லிண்ட்ஸ்காக் குழுக்கள் அப்படிச் செய்து பார்த்தபோது வேகம் பல மடங்கு விழுந்தது. பிறகு கரைசலில் வெறும் இமிடசோலைக் கலந்தார்கள். ஹிஸ்டிடினின் வால் பகுதியில் இருப்பது அதே வளையம்தான். வேகம் திரும்பி வந்தது. பிடுங்கிய பல்லுக்குப் பதிலாக வெளியிலிருந்து ஒன்றைச் செருகியதும் மென்ன ஆரம்பித்த கதை.

பாக்டீரியாவில் செய்ததால் தரம் குறைவா என்றால், இந்த நொதியைப் பொறுத்தவரை இல்லை. சிஏ-2 செல்லுக்குள்ளேயே இருக்கும் புரதம். இதன் மேல் சர்க்கரைச் சங்கிலி கிடையாது. சிஸ்டீன் ஒன்றே ஒன்றுதான், அதனால் இரண்டு சிஸ்டீன்களைக் கோர்க்கும் டைசல்ஃபைடு பாலம் போட வேண்டிய தொல்லையும் இல்லை. ஈ. கோலை இதை அழகாக மடித்துக் கொடுத்துவிடும். இயற்கையான நொதியின் முதல் செரினில் ஒரு அசிட்டைல் குழு இருக்கும், பாக்டீரியாவில் செய்ததில் அது இராது. வேகத்தில் அதனால் ஒன்றும் ஆவதில்லை. இதே பேச்சைக் குடும்பத்தில் எல்லோருக்கும் நீட்டிவிடாதீர்கள். சிஏ-4 சவ்வில் நங்கூரமிட்டது, டைசல்ஃபைடுகள் உள்ளது. சிஏ-6 உமிழ்நீரில் சுரப்பது, சர்க்கரை ஏறியது. அவற்றை வாங்கும்போது எந்த செல்லில் செய்தது என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஈ. கோலை தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. புரதம் ஏராளமாக உற்பத்தியாகும்போது ஊடகத்தில் இருக்கும் துத்தநாகம் போதாமல் போகும். ஒரு பகுதி நொதி நடுவில் உலோகம் இல்லாமல் வெறுங்குழியோடு வெளியே வரும். அதனால்தான் புரத உற்பத்தியைத் தூண்டும் நேரத்தில் ஜிங்க் சல்ஃபேட் சேர்ப்பார்கள், பெரும்பாலும் அரை மில்லிமோலார் அளவில். சான்றிதழில் தூய்மை 95 சதவீதம் என்று இருந்தால் அது புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தெரியும் பட்டையின் தூய்மை. வெறுங்குழி நொதியும் அதே பட்டையில்தான் ஓடும். ஹிஸ்-டாக் இந்த நொதியின் வேலையைக் கெடுப்பதில்லை, ஆனால் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கும் உண்டு. டாக்கை வைத்துக்கொண்டே புரதத்தில் எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்று அளந்தால் வாலில் ஒட்டியிருப்பதும் கணக்கில் ஏறிவிடும்.

மாட்டு நொதி மலிவு, வேகமும் நன்றாக இருக்கும், அமினோ அமில வரிசை மனித நொதியோடு கிட்டத்தட்ட 80 சதவீதம் ஒத்துப்போகும். வகுப்பில் செய்முறை காட்ட அதுவே போதும். மருந்துத் தடுப்பான் ஒன்று மனித நொதியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று எழுதப்போகிறீர்கள் என்றால் போதாது. மனித இரத்தத்திலிருந்தே எடுத்தால் என்ன என்று கேட்கலாம்: சிஏ-1 கலப்படமும் நோய்த்தொற்று அபாயமும் சேர்ந்தே வரும்.

சரி, உங்கள் 40 சதவீதம்.

துத்தநாகத்தின் நான்காவது கையில் தண்ணீர் இருக்கிறது என்றேன். அந்த இடத்தை வேறு எதிர்மின் அயனிகளும் வந்து பிடிக்கும். சயனைடு, சயனேட், அசைடு எல்லாம் அப்படிப்பட்டவை. ஆய்வகப் பழக்கத்தில், பாக்டீரியா முளைக்காமல் இருக்க எதற்கும் 0.02 சதவீதம் அசைடு போட்டு வைப்போம். பெரும்பாலான புரதங்களுக்கு அது ஒன்றும் செய்யாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.02 சதவீதம் என்றால் லிட்டருக்கு 0.2 கிராம், சோடியம் அசைடின் மூலக்கூறு எடை 65, ஆக 3 மில்லிமோலார். சிஏ-2 மீது அசைடின் தடுப்பு மாறிலி (எண் சிறிதானால் பிடி வலுவானது) சுமார் 1.5 மில்லிமோலார். எளிய சமன்பாட்டில் போட்டாலே மூன்றில் ஒரு பங்கு வேகம்தான் மிஞ்சும். பிஹெச் ஏற ஏற அந்த இடத்தை ஹைட்ராக்சைடு விடாமல் பிடித்துக்கொள்வதால் அயனித் தடுப்பான்களின் பிடி தளரும், பிஹெச் 7.5-இல் 40 சதவீதம் என்பது எனக்கு விநோதமாகத் தெரியவில்லை. குளோரைடும் இதே வகைதான் என்றாலும் சிஏ-2-க்கு அது மிகவும் மெலிந்த தடுப்பான், மாறிலி 200 மில்லிமோலார் பக்கம். உங்கள் 100 மில்லிமோலாரைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். உப்பு இல்லாமலேயே இந்த நொதி நன்றாகக் கரைந்திருக்கும், போடத் தேவையில்லை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் நானே இந்தக் குழியில் விழுந்தவன் என்பதுதான். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஹிஸ்-டாக் இல்லாமல் இதே நொதியைச் செய்தேன். அதற்குச் சல்ஃபோனமைடு கோர்த்த மணிகள் நிரப்பிய பத்தி ஒன்று உண்டு. நொதி அதில் போய் இறுகப் பிடித்துக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவிப் போய்விடும். பிடித்ததை விடுவிக்க 0.4 மோலார் சோடியம் அசைடு ஊற்றுவார்கள். அருமையான ஒற்றைப் பட்டை கிடைத்தது. அவசரத்தில் 20 மில்லி சாம்பிளை 400 மில்லி பஃபரில் ஒரே ஒரு தடவை டயாலிசிஸ் (சவ்வுப் பையில் வைத்துச் சின்ன மூலக்கூறுகளை வெளியே விடுவது) செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். உள்ளே மிச்சம் 19 மில்லிமோலார் அசைடு. அளவீட்டில் பத்து மடங்கு நீர்த்ததும் ஏறக்குறைய 2. பாதிக்கு மேல் வேகம் காணோம். இரண்டு வாரம் மரபணுவைத் திரும்பத் திரும்பப் படித்து, திடீர்மாற்றம் எங்கேயாவது நுழைந்துவிட்டதா என்று தேடினேன். கடைசியில் குளிரறையைச் சுத்தம் செய்யும்போது அசைடு பாட்டிலின் லேபிளைப் பார்த்துத்தான் விளங்கியது. மூன்று முறை பஃபர் மாற்றியதும் நொதி எழுந்து உட்கார்ந்தது.

அசைடு நச்சு. அமிலத்தோடு சேர்த்தால் கெட்ட வாயு கிளம்பும், ஈய, செம்புக் குழாய்களில் படிந்தால் வெடிக்கும். தொட்டியில் கொட்டாதீர்கள். இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

உலோகத்தைப் பிடித்திழுக்கும் என்று எல்லோரும் பயப்படுகிற ஈடிடிஏ இந்த நொதிக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. காகிதத்தில் ஈடிடிஏ துத்தநாகத்தை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்தான், ஆனால் துத்தநாகம் குழியின் அடியிலிருந்து தானாக வெளியேற ஆகும் காலம் மிக நீளம். ஓர் அளவீட்டு நேரத்துக்குள் ஒன்றும் நடக்காது. வேண்டுமென்றே உலோகத்தை எடுக்க டைபிகோலினிக் அமிலம் பயன்படுத்துவார்கள். அது குழிக்குள்ளேயே நுழைந்து துத்தநாகத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

அடுத்து அளவீடு. சான்றிதழில் உள்ள யூனிட்டும் உங்கள் யூனிட்டும் ஒன்றுதானா என்று பார்த்தீர்களா? இந்த நொதிக்கு இரண்டு வகையான அளவுகோல் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று வில்பர்-ஆண்டர்சன், 1948-இலிருந்து இருப்பது: பனிக்கட்டியில் குளிர்வித்த பஃபரில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்த தண்ணீரை ஊற்றி, பிஹெச் 8.3-இலிருந்து 6.3-க்கு விழ எத்தனை வினாடி என்று பார்ப்பது. நொதியின் உண்மையான வேலையை அளப்பது இதுதான். இதில் ஒரு பொறி இருக்கிறது. ட்ரிஸ்ஸின் பிஹெச் ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் 0.03 அளவில் ஏறும். அறை வெப்பத்தில் 8.3 என்று சரிசெய்து பனிக்கட்டியில் வைத்தால் 9-ஐத் தொட்டுவிடும். குளிரவைத்த பிறகுதான் சரிசெய்ய வேண்டும். இன்னொன்று நீங்கள் செய்யும் எஸ்டர் முறை. உடம்பில் இந்த நொதிக்கு அந்த எஸ்டரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஹைட்ராக்சைடு கையில் இருக்கிறதே என்று அதையும் தாக்குகிறது, அவ்வளவே. கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டால் திறன் பல்லாயிரம் மடங்கு குறைவு. ஒன்றின் எண்ணை இன்னொன்றாக மாற்ற முடியாது.

எஸ்டர் முறை வசதியானது, மஞ்சள் நிறம் ஏறுவதைப் பார்த்தாலே போதும். ஆனால் அந்த மஞ்சளை நம்பும் முன் ஒன்று. எஸ்டர் உடைந்து வரும் நைட்ரோஃபீனால்தான் அந்த மஞ்சள், அதன் பிகேஏ 7-ஐச் சற்றுத் தாண்டியது. பிஹெச் 7.5-இல் உருவான மொத்தமும் மஞ்சளாக இராது. ஒரு பகுதி நிறமில்லாமல் ஒளிந்திருக்கும். 405 நானோமீட்டரில் முழு மஞ்சளுக்கான மாறிலியைப் போட்டு வகுத்திருந்தால் வேகத்தைக் குறைத்துக் காட்டியிருப்பீர்கள். 348 நானோமீட்டரில் இரண்டு வடிவமும் ஒரே அளவு ஒளியை உறிஞ்சும், அங்கே அளந்தால் இந்த வம்பு இல்லை. நொதி இல்லாமலேயே எஸ்டர் மெதுவாகத் தானே உடையும்; அந்தப் பிளாங்க்கை ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுத்துக் கழிக்க வேண்டும், நேற்று எடுத்ததை இன்று பயன்படுத்தக் கூடாது. ஒத்துப்பார்க்க ஒரு எண் தருகிறேன்: திறனை மோலாருக்கு வினாடிக்கு 2,500 என்று கொண்டால், 1 மைக்ரோமோலார் நொதியும் 1 மில்லிமோலார் எஸ்டரும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 மைக்ரோமோலார் நைட்ரோஃபீனால் கொடுக்க வேண்டும். அதே வரிசையில் வந்தால் உங்கள் நொதி உயிரோடு இருக்கிறது.

நொதியின் செறிவையும் சரிபாருங்கள். மில்லிக்கு 1 மில்லிகிராம் என்றால் சுமார் 34 மைக்ரோமோலார். 280 நானோமீட்டரில் 1.9-ஐ ஒட்டி ஒளி உறிஞ்ச வேண்டும். இதில் எத்தனை பேர் உண்மையில் வேலை செய்கிறார்கள் என்று அறிய எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 1 மைக்ரோமோலார் நொதியை எடுத்துக்கொண்டு அசிட்டசோலமைடை 0.1, 0.2, 0.3 மைக்ரோமோலார் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். இந்த மருந்து சிஏ-2-ஐப் பிடிக்கும் மாறிலி 12 நானோமோலார் அளவில், அதாவது போட்டதெல்லாம் உடனே ஒட்டிக்கொள்ளும். வேகம் ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்கும். அந்தக் கோட்டை நீட்டினால் எந்த இடத்தில் பூஜ்யத்தைத் தொடுகிறதோ அதுதான் வேலை செய்யும் நொதியின் செறிவு. 0.9-இல் தொட்டால் வாங்கிய சரக்கு நல்லது, பஃபரில்தான் தப்பு. 0.4-இல் தொட்டால் பாதிக்கு மேல் வெறுங்குழி அல்லது கெட்டது. அப்போது தாராளமாக விற்றவரிடம் போய் நியாயம் கேட்கலாம். இந்தச் சோதனையை அசைடு இல்லாத பஃபரில் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதே கணக்கின் மறுபக்கம் உங்கள் திட்டத்தின் அடுத்த கட்டத்தில் வரும். தடுப்பான்களை ஒப்பிடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். எஸ்டர் முறையில் மைக்ரோமோலார் அளவு நொதி தேவைப்படுகிறது. 1 மைக்ரோமோலார் நொதி இருக்கும் கரைசலில் வேகத்தைப் பாதியாக்கக் குறைந்தது அரை மைக்ரோமோலார் தடுப்பான் வேண்டும், அது எவ்வளவு வலுவான மருந்தாக இருந்தாலும் சரி. பத்து தடுப்பான்களைச் சோதித்து எல்லாமே 0.5 என்று வந்தால் அவை எல்லாம் சமபலம் என்று அர்த்தமில்லை, நொதியை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். வலுவான தடுப்பான்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு முறைக்குப் போக வேண்டும், அங்கே நானோமோலார் நொதி போதும். அவ்வளவு நீர்த்த கரைசலில் நொதி பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக் காணாமல் போகும். கொஞ்சம் ஆல்புமின் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகங்கள் இந்த நொதியை இவ்வளவு விரும்புவதற்கு அதன் நல்ல குணமும் காரணம். எளிதில் கிடைக்கும், 60 டிகிரி வரை தாங்கும், அழகாகப் படிகமாகும். 1972-இல் ஸ்வீடனின் ஊப்சாலாவில் இதன் முப்பரிமாண வடிவம் வெளியானது முதல் இன்றுவரை நூற்றுக்கணக்கான தடுப்பான்களோடு சேர்த்து இதைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஒரு மூலக்கூறு புரதத்தில் ஒட்டுவதை அளக்கும் புதுக் கருவி எது வந்தாலும், ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் இதையும் ஒரு சல்ஃபோனமைடையும்தான் போடுவார்கள். கண் அழுத்தத்துக்கான டார்சோலமைடு சொட்டு மருந்து, 1994-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, இந்தப் படிக வடிவத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியது. புரதத்தின் வடிவிலிருந்து மருந்தை வடிவமைக்கலாம் என்று நிரூபித்த முதல் சிலவற்றில் ஒன்று. கண்ணுக்குள் பைகார்பனேட் சுரப்பு குறைந்தால் நீர்மம் குறையும், அழுத்தம் இறங்கும். மலை ஏறுபவர்கள் அசிட்டசோலமைடு சாப்பிடுவதும் இதே வழிதான்: சிறுநீரகம் பைகார்பனேட்டை நழுவவிடும், இரத்தம் சற்று அமிலமாகும், மூச்சு தானாக வேகமெடுக்கும். அந்த மாத்திரை போட்டவர்களுக்குச் சோடா சப்பென்று இருக்கும். நாக்கில் அந்தச் சுருக்கென்ற உணர்வைக் கொடுப்பது குமிழி இல்லை, சிஏ-4 கார்பன் டை ஆக்சைடிலிருந்து உண்டாக்கும் புரோட்டான்.

இன்றைய ஆராய்ச்சியில் பெரும்பாலோர் குறிவைப்பது சிஏ-2-ஐ அல்ல. ஆக்சிஜன் குறைந்த புற்றுக்கட்டிகளின் மேற்பரப்பில் முளைக்கும் சிஏ-9-ஐ. ஆனால் அதற்காகச் செய்யும் ஒவ்வொரு மூலக்கூறையும் சிஏ-2 மீதும் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். உடம்பு முழுக்க இருப்பது அதுதான், அதைச் சேர்த்து முடக்கினால் பக்கவிளைவு வரும். உங்கள் அறிக்கையில் ரீகாம்பினன்ட் சிஏ-2-இன் பயன் என்ற தலைப்புக்கு இந்த ஒரு விஷயமே இரண்டு பக்கம் வரும். குப்பியில் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று எழுதியிருப்பதையும் குறிப்பிடுங்கள். மனிதருக்குக் கொடுக்க வேண்டிய தூய்மைச் சோதனைகள் எதுவும் இதற்குச் செய்யப்படவில்லை.

நாளைக்குச் செய்ய வேண்டியது: புது பஃபர், அசைடு இல்லாமல், உப்பு இல்லாமல். குப்பியோடு வந்த தாளில் அவர்கள் கரைசலிலேயே அசைடு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு முறை டயாலிசிஸ். கிடைத்ததைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறையவையுங்கள், ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்க வேண்டாம். 348-இல் அளந்து, அசிட்டசோலமைடு கோட்டையும் போட்டுவிட்டு எண்களை இங்கே எழுதுங்கள். பிளாங்க்கின் எண்ணையும் மறக்காமல் சேர்த்து; அது இல்லாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.